கதவு பொருந்தவில்லையென்றால் கீழே பாருங்கள்



கடந்த மாதம் இந்தப் பக்கத்தில் தையல் மெசினைக் கழற்றித் துப்புரவு செய்யும் விதம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சில சகோதரிகள் என்னைக் கண்டபோது, "மெசினை விடுங்கோ அக்கா, உங்கட முற்றத்தில் நிக்கிற காரைப் பற்றி எப்ப எழுதப்போறியள்?" என்று கேட்டார்கள். கார் பற்றி எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று இதுவரை தள்ளிப் போட்டு வந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் எனது வீட்டு முற்றத்தில் செய்த வேலைகளிலே எனக்கு அதிகம் கற்பித்தது அதுதான். ஆகவே இந்த மாதம் காரைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் கார் ஒரு மொறிஸ் மைனர். நான்கு கதவு உள்ளது. எனது மாமனார் வாங்கியது. என் கணவர் அதை மருதனார்மடத்தில் வாடகைக்கு ஓட்டினார். 1990 ஆனி மாதம் போர் மறுபடியும் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரார்ட் பண்ணுவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் விடுவார்கள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள் அந்தப் புகையையும் தாங்கிக்கொண்டு கர்ப்பிணிகளையும் காயப்பட்டவர்களையும் ஏற்றி ஓடின. எங்கள் காரும் ஓடியது.

1995 ஆவணியில் ஓட்டம் மிகவும் குறைந்துவிட்டது. "சும்மா நிக்கிற நேரத்தில கறளை எடுத்துப்போட்டுப் பூச்சு அடிப்பம்" என்று சொல்லி என் கணவர் காரின் தகடுகளைக் கழற்றத் தொடங்கினார். நான்கு கதவுகள், முன் மட்காட் இரண்டு, பொனட், டிக்கி மூடி எல்லாம் கழன்றன. ஒவ்வொரு தகட்டின் போல்ட்டுகளையும் கிறீஸ் பூசி, ஒவ்வொரு பால்மா ரின்னில் போட்டு, எந்தத் தகட்டுக்கு உரியது, எத்தனை என்று கடதாசியில் எழுதி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. "ஊறுகாய் போடுறமாதிரி இருக்கு" என்றேன். "நீ இருந்து பார், பூட்டேக்க தெரியும்" என்றார்.

பூட்டுவதற்கு நாள் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாங்களும் சைக்கிளில் ஒரு மூட்டையையும், நான்கு வயது மகளையும் வைத்துக்கொண்டு, மாமியாரைக் கையில் பிடித்தபடி செம்மணி தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். 1996 வைகாசியில் உடுவிலுக்குத் திரும்பினோம். வீட்டின் கதவு நிலைகள் இல்லை, ஓடுகள் பாதி இல்லை. கார்க் கொட்டிலில் காரின் உடல் மாத்திரம் கட்டைகளின் மேல் நின்றது. கழற்றி வைத்த தகடுகளில் இடது பக்க முன் மட்காட்டும் வலது பின் கதவும் போயிருந்தன. பொனட்டில் ஷெல் துண்டு பட்டு ஒரு ஓட்டை. அடுப்படிப் பறணில் பால்மா ரின்கள் மட்டும் வைத்தது வைத்தபடியே இருந்தன.

அந்த ஆடி மாதம் சுன்னாகம் பக்கம் சைக்கிளில் போன என் கணவர் திரும்பி வரவில்லை. 1996இல் யாழ்ப்பாணத்தில் இப்படிக் கணவனையும் பிள்ளையையும் தேடித் திரிந்த பெண்களில் நானும் ஒருத்தி. இதைப் படிக்கும் பலருக்கு அந்த அலைச்சலை நான் விபரிக்கத் தேவையில்லை.

காரை விற்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். மாமியார் விடவில்லை. "அவன் வந்து பூட்டுவான். ஒருத்தரும் தொடக்கூடாது" என்பார். தறப்பாளைத் தூக்கி, தூசியைத் துடைத்து, மறுபடியும் மூடிவிடுவார். எனக்கும் தொட மனம் வரவில்லை. அவர் பூட்ட வேண்டியதை நான் பூட்டினால், அவர் வரமாட்டார் என்று நானே சொல்வதுபோல ஆகிவிடும் என்று பயந்தேன். 21 வருடங்கள் அப்படியே போயின. தையல், மிளகாய்த்தூள், முட்டைக்கோழி என்று சீவித்து மகளைப் படிப்பித்தேன். மாமியார் 2017இல் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகுதான் தறப்பாளை நான் எடுத்தேன். கறள் காரின் அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. 2018இல் உடலை லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். 65,000 ரூபா வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் அடிப்பாகம் பளபளவென்று கறுப்புப் பூச்சோடு திரும்பி வந்தது. நானும் மகளும் ஒரு கதவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். சாத்துப்படவில்லை. மேலே ஒரு விரல் போகும் இடைவெளி. கீழே தகட்டில் முட்டியது. கராஜ் பெடியன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "கதவின்ர கீழ்க்கரையைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் சரி, அன்ரி" என்றான். நானும் ஓம் என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன்.

அப்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வயதான ரிங்கர் அண்ணை தற்செயலாக வந்தார். தகர வேலையில் 40 வருடம் கழித்தவர். கண் பார்வை குறைந்து வேலையை விட்டிருந்தார். அவர் கதவைப் பார்க்கவேயில்லை. குனிந்து காரின் அடியைத் தடவினார். பிறகு, "பழைய றேடியோப் பெட்டி ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார். பழுதான றேடியோவின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகடு முழுவதும் வைத்துக்கொண்டு போனார். சில இடத்தில் காந்தம் பிடித்தது. பல இடத்தில் வழுகி விழுந்தது. விழுந்த இடத்தில் ஸ்குறூட்றைவரால் குத்தினார். உள்ளேயிருந்து புட்டியும் பத்திரிகைக் கடதாசியும் வந்தன. காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், புட்டியைப் பிடிக்காது. 65,000 ரூபாவுக்குக் கறளை மூடிப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, கதவு பொருந்தவில்லையெண்டால் கதவில பிழையில்லை. கீழ பாக்கவேணும். சில் போயிட்டுது" என்றார். நான் சில்லைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "சில்லு நாலும் கொட்டிலுக்குள்ள கிடக்கு அண்ணை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. கதவுக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் அந்தப் படிப் பெட்டியைத்தான் ரிங்கர்மார் சில் என்பார்கள். லொறிக்கு இருப்பதுபோல மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டம் கிடையாது. உடலே சட்டம். அந்தப் படிப் பெட்டி உக்கினால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவு வாசல் சதுரம் கெடும். கதவை வெட்டினால் வெட்டிய கதவும் கெட்ட வாசலும்தான் மிஞ்சும்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினோம் என்று நினைக்காதீர்கள். கையில் காசில்லை. 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்தது. தைக்கக் கொடுப்பார் இல்லை. அந்த நாட்களில் லண்டனில் இருக்கும் என் தமையனின் மகன் கைபேசியில் படம் காட்டிக் கதைப்பான். அவனும் ஊரடங்கில் தன் வீட்டுக் கராஜில் ஒரு கார் பூட்டிக்கொண்டிருந்தான். பெட்டி பெட்டியாகச் சாமான்களை வாங்கி வீட்டிலேயே பூட்டும் சிறிய பந்தயக் கார். இங்கிலாந்தில் அதைக் கிட் கார் என்பார்கள்.

அதன் கதை சுவையானது. 1957இல் லோட்டஸ் நிறுவனம் 'செவன்' என்ற சிறிய காரைக் கொண்டுவந்தது. முழுதாகப் பூட்டிய காருக்கு அங்கே கொள்வனவு வரி இருந்தது. சாமான்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது முழுக் காராகக் கணக்கெடுக்கப்படும். ஆகவே லோட்டஸ் நிறுவனம் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்ததாகவும், வாங்கியவர்கள் அதைப் பின்னாலிருந்து வாசித்துப் பூட்டியதாகவும் சொல்வார்கள். 1973இல் வரி முறை மாறியது. ஆனாலும் வீட்டில் கார் பூட்டும் பழக்கம் நிற்கவில்லை. அந்த 'செவன்' காரை அதே வருடத்திலிருந்து கேற்றர்ஹாம் என்ற நிறுவனம் செய்துவருகிறது.

மருமகனுடைய காருக்குப் பக்கத் தகடுகள் அலுமினியம். மூக்கும் மட்காட்டும் பைபர். காரைநகரில் சீநோர் படகுகளைக் கண்டவர்களுக்கு அந்தப் பைபர் புதிதல்ல. அவனுக்கும் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஒரே கவலை. பைபரில் போல்ட்டை இறுக்கினால் வெடித்துவிடும், ஆகவே அகலமான வாசர் போட்டு மெதுவாக இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் கைபேசியைத் திருப்பி எங்கள் கொட்டிலைக் காட்டினேன். காரின் உடல், சுவரோடு சாத்தியிருந்த கதவுகள், வரிசையாக ரின்கள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாமி, உங்களிட்டையும் ஒரு கிட் கார்தானே இருக்கு. மாமா கழற்றின முறையை எழுதியும் வச்சிருக்கிறார்" என்றான்.

அதுவரை நான் அந்த ரின்களை அவர் விட்டுப்போன ஒரு ஞாபகமாகத்தான் பார்த்தேன். பூட்டுவதற்கான வழிகாட்டி என்று ஒருநாளும் பார்க்கவில்லை. அன்று இரவு நித்திரை வரவில்லை. காலையில் ரிங்கர் அண்ணையிடம் போய், "கண் உங்களுக்குத் தெரியாட்டி என்ர கண்ணைப் பாவியுங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, நான் செய்யிறன்" என்றேன்.

இனி வேலையைச் சொல்கிறேன்.

முதலில் மட்டம். கொட்டிலின் நிலம் சரிவாக இருந்தது. மேசன்மார் பாவிக்கிற, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் நான்கு மூலையையும் பார்த்து, பனங்குத்திகளை வைத்து உடலை மட்டமாக்கினோம். ஜக்கை நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகக்கூடாது. குத்திகளை வைத்த பிறகுதான் கையை நீட்டவேண்டும். அடுத்து, ஒவ்வொரு கதவு வாசலிலும் மூலைக்கு மூலை நூல் பிடித்து, இடப்பக்க அளவை வலப்பக்க அளவோடு ஒப்பிட்டோம். வலப்பக்கத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். நடுவில் மெதுவாக உயர்த்தி அளவுகள் ஒத்து வந்ததும், வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியை ஒட்டி அசையாமல் பிடித்தோம். உக்கிய படிப் பெட்டியை அதற்குப் பிறகுதான் வெட்டினோம். ஒரேயடியாக இரண்டு பக்கமும் வெட்டவில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகே மற்றப் பக்கம்.

வெல்டிங்குக்கு அவருடைய பேரன் வந்தான். நீளமாக ஒரே இழுப்பில் ஒட்டினால் சூட்டில் தகடு நெளியும். இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று மாறி மாறி, ஆறவிட்டு ஒட்டவேண்டும். பெற்றோல் தாங்கியை முன்கூட்டியே கழற்றி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். முழுதாக ஒட்டுவதற்கு முன் கதவுகளைத் தொங்கவிட்டுச் சாத்திப் பார்த்தோம். அப்படிப் பார்க்காமல் ஒட்டி முடித்தால் பிழையும் சேர்ந்து ஒட்டுப்பட்டுவிடும் என்பது அண்ணையின் பேச்சு.

தகடு பூட்டுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. நான் முன்னால் இருந்து பின்னால் போகவேண்டும் என்று நினைத்தேன். அது தலைகீழ். பின் கதவுதான் முதலில். அதைக் காரின் பின் உடலோடு பொருத்தவேண்டும். முன் கதவைப் பின் கதவோடு பொருத்தவேண்டும். மட்காட்டை முன் கதவோடு. பொனட்டை இரண்டு மட்காட்டோடும். பின்னால் கழற்ற முடியாத இடத்திலிருந்து தொடங்கி, அசைக்கக்கூடியதை நோக்கி முன்னால் வரவேண்டும்.

மற்ற விதி, எந்த போல்ட்டையும் முதலில் இறுக்கக்கூடாது. எல்லாவற்றையும் கையால் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றிவிட்டு, தகட்டை அசைத்து, இடைவெளியைப் பார்த்து, ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். ஒரே தடிப்பான ஹாட்போட் துண்டுகளை வெட்டிக் கதவைச் சுற்றிச் செருகி வைத்தால் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கும். கதவின் பிணைச்சலைத் தளர்த்தி ஒரு நூல் அளவு நகர்த்தினாலே மறுகரையில் அது பெரிய வித்தியாசமாகத் தெரியும். எனது முதல் கதவு பொருந்த ஐந்து நாட்கள் சென்றன. மகள் உள்ளே இருந்து தள்ள, நான் வெளியே இருந்து தூக்க, அண்ணை கதிரையில் இருந்தபடி சாத்தும் சத்தத்தைக் காதால் கேட்டு, "இன்னும் இல்லை" என்பார். ஐந்தாம் நாள் பின்னேரம் கதவு 'டக்' என்று ஒரே சத்தத்தில் சாத்துப்பட்டது. "அதுதான்" என்றார். நானும் மகளும் அந்தக் கதவைத் திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தோம்.

இல்லாத தகடுகளைத் தேடிப் பிடிப்பது தனிக் கதை. வலது பின் கதவு அச்சுவேலிப் பக்கம் ஒரு பழைய காரிலிருந்து கிடைத்தது. இடது மட்காட்டுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை சொல்லி வைத்தேன். தேடும்போதுதான் ஒரு விடயம் அறிந்தேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களைத் திருத்தும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், 1990களில் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து இலங்கையிலேயே மொறிஸ் மைனர் தகடுகளைச் செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்திருக்கிறார். நாங்கள் ஒரு பற்றறிக்கும் ஒரு கட்டிச் சவுக்காரத்துக்கும் தவித்திருந்த அதே வருடங்களில், இதே நாட்டில் செய்த மட்காட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிருக்கின்றன.

பஞ்சிகாவத்தையிலிருந்து வந்த மட்காட் பழையது. துளைகள் கால் அங்குலம் விலகி இருந்தன. அரத்தால் துளையை நீள்வட்டமாக்கிப் பூட்டினோம். மொறிஸ் மைனரில் மட்காட்டுகளை ஒட்டியிருப்பதில்லை, போல்ட்டால் பூட்டியிருப்பார்கள். அதனால்தான் வீட்டில் செய்ய முடிந்தது. உடலுக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு பீடிங் நாடா போகும். அதை எல்லா போல்ட்டும் தளர்வாக இருக்கும்போதே செருகவேண்டும். போல்ட் வரும் இடங்களில் கத்தரிக்கோலால் கீறிவிட்டால் வளைவில் சுருங்காது. இந்த இடத்தில் எனது தையல் கைகொடுத்தது. கழுத்து வளைவுக்குத் துணி மடிக்கிற மாதிரித்தான். அண்ணை தடவிப் பார்த்துவிட்டு, "நான் இப்பிடி வச்சதில்லை பிள்ளை" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவ்வளவு வேலையும் செய்யலாம்.

இந்தக் காரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் துருக்கியின் சிமிர்னா நகரில் பிறந்தவர். 1922இல் போரின்போது அவரது குடும்பம் கப்பலில் மால்டாவுக்கு அகதியாகச் சென்றது. அங்கே தந்தை இறந்தார். தாய் மகனைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய் வளர்த்தார். அந்த மகன் மொறிஸ் மைனரைச் செய்து முடிக்கும் நேரத்தில், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று மனதுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த கார் அதுதான். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அப்படி வந்தது. எங்கள் பொனட்டிலும் அது இருக்கிறது. இடம்பெயர்ந்து வந்த ஒரு விதவைத் தாயின் மகன் செய்த கார் இது என்று அறிந்த பிறகு, எனக்கு இதன்மேல் தனிப் பட்சம்.

ஷெல் துண்டு பட்ட ஓட்டையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "ஞாபகத்துக்கு இருக்கட்டுமே அம்மா" என்றாள் மகள். நானும் ஒரு நாள் யோசித்தேன். அந்த ஓட்டையால் மழைத் தண்ணீர் போகும், கறள் பிடிக்கும், எஞ்சினில் சொட்டும். தகடு வைத்து ஒட்டச் சொன்னேன். எனக்கு ஞாபகம் வைத்திருக்க ஓட்டை தேவையில்லை.

ரின்களைக் கடைசிவரை நான் ஒருவரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு தகடும் பூட்டத் தயாரானபோது, அந்தந்த ரின்னை நானே உடைத்தேன். 25 வருடத்துக்குப் பிறகும் கிறீஸுக்குள் போல்ட்டுகள் புதிதுபோல இருந்தன. இவை அங்குல அளவுப் போல்ட்டுகள். ஜப்பான் காரின் மில்லிமீற்றர் போல்ட் இவற்றுக்குச் சரிவராது. அவர் எடுத்து வைக்காமல் விட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அலைந்திருப்போம். 'பொனட்', 'டிக்கி', 'வலது முன் கதவு' என்று அவருடைய சாய்ந்த எழுத்து.

'இடது முன் கதவு – 6' என்ற ரின்னில் ஐந்துதான் இருந்தன. நிலத்தில் சாக்கை விரித்துக் கொட்டித் தேடினேன். இல்லை. கடதாசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், '1 முறிஞ்சு போச்சு. சுன்னாகத்தில் வாங்கவேணும்' என்று எழுதியிருந்தது.

அவர் 1996 ஆடியில் சுன்னாகம் போனது இந்த போல்ட்டை வாங்கத்தானா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. அவர் அன்று எதற்குப் போகிறார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று நான் கொட்டிலில் இருந்து அழுதேன். மகளும் அண்ணையும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார்கள். அடுத்த நாள் பஸ் ஏறிச் சுன்னாகத்துக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கி, பழைய அங்குல போல்ட் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் காசு வாங்க யோசித்தார். "ஒண்டுதானே அம்மா, கொண்டுபோங்கோ" என்றார். நான் கட்டாயமாகக் காசு கொடுத்தேன். அவர் வாங்கவேண்டும் என்று எழுதி வைத்தது. வாங்கத்தான் வேண்டும்.

அந்தக் கதவை நானே பூட்டினேன். ஆறாவது போல்ட்டை இறுக்கும்போது, இத்தனை வருடம் நான் பயந்த விடயம் நடக்கவில்லை என்று விளங்கியது. காரைப் பூட்டியதால் அவர் வரமாட்டார் என்று நான் சொல்லிவிடவில்லை. அவர் பாதியில் விட்ட வேலையை முடித்தேன். வந்தால் கார் இருக்கிறது.

இதேபோலப் பயந்து பல சகோதரிகள் ஒரு பத்திரத்தையும் எடுக்காமல் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒருவர் இறந்தார் என்று சொல்லாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழைக் குடும்பத்தினர் பெறமுடியும். அவருடைய சொத்தைப் பராமரிக்கவும் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். அதை எடுப்பதால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது. எடுப்பதா இல்லையா என்பது அவரவர் மனம். ஆனால் பயத்தினால் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் ஒன்பது மாதம் வேலை நின்றது. 2023 சித்திரையில்தான் கார் முற்றத்துக்கு வந்தது. 2020 முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய கார்களுக்கும் நல்ல விலை இருந்தது; கேட்டு வந்தவர்களும் உண்டு. விற்கவில்லை. இப்போது கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை பொம்பிளை ஏற்ற வாடகைக்குப் போகிறது. ஓட்டுவது எனது மகள். ஆரம்பத்தில், "பொம்பிளைப் பிள்ளையோ ஓட்டுறது?" என்று கேட்டவர்கள் இப்போது நாள் கேட்டு வருகிறார்கள். 1824இல் பெண் பிள்ளைகளுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கிய ஊர் உடுவில். அன்றும் இதேபோல யாராவது கேட்டிருப்பார்கள்.

உங்களில் எல்லோரிடமும் பழைய கார் இருக்காது. ஆனால் கழற்றிப் போட்டுக் கிடக்கும் ஏதோ ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். நீர் இறைக்கும் மெசின், சைக்கிள், அரைகுறையாக நிற்கும் வீடு. அதில் கை வைக்கும்போது நான் படித்த இந்த நாலைந்தை நினைவில் வைத்திருங்கள். கழற்றும்போது எழுதி வையுங்கள். பூட்டும்போது பின்னாலிருந்து வாசியுங்கள். ஒன்று பொருந்தவில்லையென்றால் அதை வெட்டுவதற்கு முன் அதைத் தாங்கி நிற்பதைப் பாருங்கள். எல்லாம் இடத்துக்கு வரும்வரை எதையும் முழுதாக இறுக்காதீர்கள். வெளிப் பூச்சைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். ஒரு சின்னக் காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள். வேலை தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஒழுங்கையிலும் சும்மா இருப்பார்கள், போய்க் கேளுங்கள்.

எங்கள் ரிங்கர் அண்ணையை முதல் ஓட்டத்தில் முன் சீற்றில் ஏற்றி மருதனார்மடம் வரை கொண்டுபோனோம். இறங்கும்போது கதவைச் சாத்திவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த மாதம், மழைக்கு முன் கூரை ஓட்டை நாமே பார்த்து மாற்றுவது பற்றி எழுதுகிறேன்.